புதினா என்று நினைத்த ஐஸ்கட்டி

காலை அவசரத்துக்கு உதவுமே என்று பச்சை மிளகாயை அரைத்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்திருந்தேன். பாணேர் பகுதியில் எங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் மராத்திப் பெண், நிறைமாதக் கர்ப்பிணி, வெயிலில் களைத்து வந்தாள். என் கணவர், நான் வழக்கமாக உறைய வைக்கும் புதினா என்று நினைத்து அந்தக் கட்டிகளை எலுமிச்சை ஜூஸில் போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மடக்குதான். முகம் சிவந்து, மூச்சு திணற இருமினாள். நான் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினேன்.

"பாணி நகோ, தஹி தே!" என்றாள் அவள். தண்ணீர் வேண்டாமாம், தயிர் வேண்டுமாம்.

ஓடிப்போய்த் தயிரை எடுத்து வந்து ஊட்டினேன்.

"டாக்டர்கிட்ட போயிடலாமா?" என்று கணவர் கேட்டார்.

மெல்ல இருமல் அடங்கியது. வயிற்றைத் தொட்டு, "உதைக்கிறான், அவனுக்கும் காரம்போல" என்று அவள் இந்தியில் சொல்லிச் சிரித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது மிளகாய்க் கட்டிகள் உறைந்ததுமே மூடியுள்ள டப்பாவுக்குப் போய்விடும். மேலே 'மிர்ச்சி' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். புதினாவை உறைய வைப்பதே இல்லை.