பாக்கியலட்சுமி டீச்சர் அழிக்கச் சொன்ன சுவர்

போன வாரம் பாக்கியலட்சுமி டீச்சர் காலமானார். இழவு வீட்டிலேயே ஒருவர், "பிள்ளைங்க வரைஞ்சத அழிச்ச பொம்பளதானே?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாக்கா காஜா பேராங்கில் இருந்த தமிழ்ப் பாலர் வகுப்பில் பால் காய்ச்சிக் கொடுத்த அஞ்சலை நான். நடந்ததைப் பார்த்தவள்.

டீச்சர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தட்டுத்தடுமாறிப் படித்து வந்தவர். காலையில் வந்ததும், "இன்னிக்கு என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளைத்தான் கேட்பார். ஐம்பத்தேழில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு முந்தின மாதம், கறுப்புச் சாயம் பூசிய சுவர் முழுக்கத் தெங்கேராக் கடலை வரைவோம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கலர் சாக்பீஸில் மூன்று வாரம் வேலை நடந்தது. கோகிலாவின் மீனுக்கு மட்டும் இரண்டு கால். பள்ளிக்கு நடந்து வரவேண்டாமா என்பாள், மலாயில்.

கோகிலா மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. சாமி பெயரும் ஆள் பெயரும் தமிழ், வீட்டுப் பேச்சு மலாய். பள்ளிக் கமிட்டித் தலைவர் சேதுபதிக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஊரிலிருந்து கப்பலில் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மலாயும் தெரியாது. "தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் வகுப்புல என்ன வேலை?" என்றார். அவளும் சேர்ந்து வரைந்த சுவரை வந்து பாருங்கள் என்று டீச்சர் மல்லுக்கட்டினார். நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகக் கமிட்டி சொன்னது. அன்றைக்கு வகுப்பில் தமிழ் மட்டும்தான் பேசவேண்டும் என்றும் உத்தரவு.

அதுதான் வினை. மற்ற நாளில் கோகிலாவிடம் சித்திரத்தைக் 'கம்பார்' என்று மலாயில் சொல்கிறவர், அன்று கமிட்டியை அழைத்துவர வாசலுக்கு ஓடும்போது, சுவரைக் காட்டி, "கோகிலா, படம்! படம்!" என்றார். கலைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்றுதான் அர்த்தம். ஆனால் மலாயில் 'படம்' என்றால் அழி.

நான் பால் சட்டியோடு வந்தபோது பிள்ளை அழுதுகொண்டே ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் வைத்த மீனைக் கடைசியாக அழித்தாள்.

"சுடா படம், சிக்கு," என்றாள், முதலில் உள்ளே வந்த டீச்சரிடம், மெதுவாக. அழித்துவிட்டேன் டீச்சர், என்று.

டீச்சர் முகம் செத்துப்போனது. பின்னால் வந்த சேதுபதி வெறும் சுவரைப் பார்த்தார். "யாரு அழிச்சது?"

நடந்தது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். உண்மையைச் சொன்னால், தமிழ் தெரியாத பிள்ளை என்று கோகிலாவை அன்றே துரத்திவிடுவார்களே.

"நாந்தாங்க அழிக்கச் சொன்னேன்," என்றார்.

அன்றோடு வேலை போனது. பிறகு அவரை எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் நின்றே காலம் போயிற்று. பாவி நான், அந்தப் பிள்ளையாவது தப்பட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புது வாத்தியார் வந்தார். கோகிலாவிடம் தமிழில் அப்பா பெயரைக் கேட்டார். அவள் விழித்தாள். இனிமேல் வரவேண்டாம், வீட்டுக்குப் போ என்றார். அவளுக்கு அதுவும் புரியவில்லை. என்னைக் கூப்பிட்டு மலாயில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.