ஜெனோவாவில் தைக்காமல் விட்டது

ஜெனோவாவில் நான் விட்ட முதல் குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது. அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அக்டோபர் மாதம். இத்தாலியின் அந்தத் துறைமுகத்தில் எங்கள் சரக்குக் கப்பல் கட்டியிருந்தது. நான் அதில் சமையல்காரன். என் மனைவியின் தம்பி அதே கப்பலில் இன்ஜின் அறை வேலைக்காரன். இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்து, மறுநாள் விமானத்தில் பர்மாவில் எங்கள் ஊரான யாங்கோனுக்குத் திரும்ப வேண்டும். ஊரைப் பார்த்துவிட்டு வரலாமென்று இறங்கினோம். மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக மஞ்சள் வீடுகள், மழையில் நனைந்த கல் சந்துகள், காலடியில் ஒட்டும் பழுத்த இலைகள். கடல் மட்டும் வெறிபிடித்ததுபோல் தடுப்புச்சுவரை அறைந்துகொண்டிருந்தது. அழகான ஊர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அன்று எதுவும் கண்ணில் ஏறவில்லை.

ஏனென்றால் முந்தின நாள் மனைவி போனில் அழுதிருந்தாள். யாங்கோனில் நாங்கள் குடியிருக்கும் அலோன் பகுதியின் வார்டு ஆபீஸில், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டதில் இவன் பெயர் விழுந்துவிட்டது. வயது இருபத்து மூன்று. வந்து நிற்காவிட்டால் வீட்டில் இருக்கும் இன்னொரு தம்பியைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் பதினெட்டு.

"ஓடிப்போயிரு மாப்ளே. இந்த ஊர்ல நொழைஞ்சா எவன் கண்டுபிடிப்பான்?" என்றேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

"நா ஓடுனா சின்னவன அள்ளிக்கிட்டுப் போவானுங்க அத்தான். போயி நிக்கிறேன். வேற பேச்சு பேசுங்க."

வேறு பேச்சு என்ன பேசுவது? அவன் இன்னொரு காப்பி கேட்பதற்காக உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பதுபோல் மூன்று முறை சத்தம் எழுப்பினான். யாங்கோன் டீக்கடைகளில் ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். கிழவனும் கூப்பிடுவான், வாத்தியாரும் கூப்பிடுவார், கடைப்பையன் கெட்டிலோடு வந்து நிற்பான். அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் இங்கே பரிமாறிக்கொண்டிருந்தது ஒரு இளம்பெண். கல்லாவில் நின்றவன் அவளுடைய கணவன்.

அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே வந்து மைத்துனன் தலைமுடியைப் பிடித்து மேசையில் முட்டினான். கோப்பைகள் சிதறின. என் பிள்ளைபோல் வளர்ந்தவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியுமா? கடைக்காரன் தாடையில் விட்டேன், விழுந்தான். ஒரு பல் தரையில் ஓடியது. எழுந்தவன் பாட்டிலை மேசை விளிம்பில் உடைத்துக்கொண்டு என் கழுத்தைக் குறிவைத்து வந்தான். குறுக்கே ஒரு கை வந்தது. மைத்துனன் உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் பிடித்திருந்தான். மற்றவன் இழுத்தான், இவன் விடவில்லை. அந்தப் பெண் போட்ட அலறலில்தான் இருவரும் நின்றார்கள்.

கப்பல் ஏஜெண்ட் வந்து போலீஸிடம் பேசி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் டாக்டர் காயத்தைக் கழுவிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விஷயம் புரிந்தது. வலது கை ஆட்காட்டி விரலை மடக்கும் தசைநார் அறுந்துவிட்டது. இப்போதே சேர்த்துத் தைத்தால் விரல் பிழைக்கும். விட்டால் ஆயுசுக்கும் மடங்காது.

தமிழில் சொன்னேன். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"தைக்க வேணாம்னு சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைத்துத் தின்கிற கை அது. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். டாக்டர் கத்திக்கொண்டே என்னை வாசல் பக்கம் தள்ளினார்.

"அத்தான்," என்றான், கன்னத்தைத் தடவாமலே. "துப்பாக்கிய அமுக்குற வெரல் இதுதான? இது மடங்கலைன்னா என்னைய வச்சு அவனுங்க என்ன செய்வானுங்க? நா போயி நின்னதாவும் ஆச்சு, சின்னவனையும் தொட மாட்டானுங்க."

சுவரில் சாய்ந்துகொண்டேன். அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை மறைக்க மாட்டேன். டாக்டர் இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை கோபமாகக் கேட்டார். பிறகு தோலை மட்டும் தைத்து அனுப்பினார். விமானத்தில் வழி நெடுக அந்த விரலை நீட்டி வைத்து மச்சினனும் நானும் சிரித்துக்கொண்டு வந்தோம். யாங்கோனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கும்போதுகூட அவன் முகத்தில் பயமில்லை.

மறுநாள் காலை வார்டு ஆபீஸுக்கு அவனோடு நானும் போனேன். உள்ளே வெற்றிலை மென்றுகொண்டு ஒரு சீருடைக்காரன் இருந்தான். "சயா, விரல் மடங்காது. வெளிநாட்டு டாக்டரே சொல்லிவிட்டார்" என்று பர்மியத்தில் பணிவாகச் சொன்னேன். சயா என்றால் ஐயா. அந்த நாய்க்கு அந்த மரியாதை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றும் எரிகிறது.

அவன் கட்டை அவிழ்த்தான். விரலைப் பிடித்து மடக்கினான். விரல் மடங்கியது, விட்டதும் தானாக நீண்டது. பிறகு உள்ளங்கையில் கட்டைவிரலை ஊன்றி, தையல் பிரியும்வரை அழுத்தினான். மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ரத்தம் மேசைமேல் சொட்டியது. சீருடைக்காரன் ஒரு காகிதத்தால் தன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான்.

"பொய் சொல்லலை, நிஜமாகவே மடங்காது," என்றான். "இவனுக்கு யார் துப்பாக்கி கொடுக்கப்போகிறார்கள்? குண்டுப்பெட்டி சுமக்கத் தோள் போதும்."

லாரி வாசலிலேயே நின்றது. ஏற்றிய இரண்டு சிப்பாய்களில் ஒருவன் மைத்துனன் முதுகில் உதைத்துத்தான் ஏற்றினான். வண்டி கிளம்பியபோது அவன் விழாமல் இருக்க வலது கையால் கம்பியைப் பிடித்தான். மற்ற விரல்களெல்லாம் கம்பியைச் சுற்றிக்கொண்டன. அந்த ஒன்றுக்குப் பிடிக்கத் தெரியவில்லை.