கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எடுத்த கணக்கு

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பட்டினப்பாக்கத்தில் பலரும் நம்பினார்கள். பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வேலை. அந்த மழைக்காலத்தில் எந்தக் குடியிருப்பில் எத்தனை பேருக்குக் கண் சிவந்திருக்கிறது என்று கணக்கெடுக்க மாநகராட்சி தற்காலிகமாகச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. கையில் படிவக் கட்டு, ஒரு டார்ச், வாய் நிறைய அறிவுரை.

"ஒரே துண்டுல எல்லாரும் தொடைக்காதீங்க." இதை எத்தனை வாசலில் சொல்லியிருப்பேனோ. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரே ஒரு துண்டுதான் தொங்கும். அந்த வாரம் என் கணவருக்குக் கண் சிவந்திருந்தது.

கணக்கெடுப்பின் கடைசி நாள் காலை எனக்கும் உறுத்தியது. சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். எனக்கு வந்துவிட்டது என்று தெரியும். ஆனால் லீவு சொன்னால் மிச்ச வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எடுத்த வேலையை முடிப்பவள் என்ற பேர் எனக்கு வேண்டியிருந்தது. கணவரின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

குடியிருப்பின் முதல் மாடியில், மீன் கடை போடும் அக்கா ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள். டார்ச் அடித்து, அவளுடைய கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். படியேறும்போதுதான் அதே விரலால் என் கண்ணைத் துடைத்திருந்தேன். கை சுத்தம் செய்யும் திரவம் பைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதை எடுக்கச் சோம்பல். அவள் பெயருக்கு நேரே 'பாதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நாலு நாள் கழித்து அந்தக் குடியிருப்பை மறுபடி எண்ணச் சொன்னார்கள். திடீரென்று நிறைய பேருக்கு வந்துவிட்டதாம். என் சிவப்பு இன்னும் போகாததால் அதே கூலிங் கிளாஸோடு போனேன். பார்த்தால், அன்று நான் ஏறிய வரிசையிலேயே நோயும் ஏறியிருந்தது.

"மீன்கார அம்மாவுக்குத்தான் மேடம் மொதல்ல வந்துச்சு. அவங்களாலதான் எங்க எல்லாருக்கும்" என்றாள் படிக்கட்டில் நின்ற ஒருத்தி.

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் மீன் வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதுகூட இல்லை. என் குரலைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உள்ள வராத மேடம். என் கண்ண பாக்காத. உனக்கும் ஒட்டிக்கப் போவுது."

நான் கூலிங் கிளாஸைக் கழற்றினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் கழற்றினேன். அவள் முந்தானையை விலக்கி என் கண்ணைப் பார்த்தாள். பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயையோ, உனுக்கும் வந்துகீதே! அன்னிக்கு என் கண்ண தொட்டுப் பாத்தியே, என்னாண்ட இருந்துதான் ஒட்டிக்கினு கீது. பாவி நான்! மன்னிச்சுக்க மேடம்."

வாய் திறந்தேன். படிக்கட்டில் நின்றவளும் வாசலில் வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அக்கா மேல் விழுந்த பழி போயிருக்கும்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

அவளை மன்னித்துவிட்டுப் படியிறங்கினேன்.