தங்கபாண்டியின் கை

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்கு, கிழக்கேகோட்டை ஓட்டலொன்றில் மாவரைக்க வந்தவர் தங்கபாண்டி. பார்சல் கட்டினார், முதலாளியின் காரைக் கழுவினார், அந்தக் காரிலேயே ஓட்டப் பழகினார், கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளை டாக்சி வாங்கினார். அதுவரை பாராட்டலாம். அதற்குப் பிறகு அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

"என் ஸ்டீயரிங்க இன்னொருத்தன் தொட்டது கெடையாது" என்று டாக்சி ஸ்டாண்டில் தினமும் சொல்வார். தொடட்டுமா என்று யாரும் கேட்டதுமில்லை. பக்கத்து வண்டிக்கார இளைஞன் ஜெயன் மட்டும், "இல்ல அண்ணே, யாரும் தொட மாட்டாங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அப்பால் போய்ச் சிரிப்பான்.

அந்த வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. தங்கபாண்டி முதலில் சாலையைத் திட்டினார். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்துக்குச் சரித்துப் போட்டிருப்பதால் எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும், உண்மைதான். ஆனால் ஜெயனின் வண்டியும் அதே சாலையில்தான் ஓடியது. பிறகு டயர் விற்றவரைத் திட்டினார். பிறகு வீல் அலைன்மென்ட் கடைகளில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் திரையில் பச்சைக் கோட்டைக் காட்டிக் காகிதம் அடித்துக் கொடுத்தார்கள். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி காட்டும். பச்சையைப் பார்த்ததும் நோய் தீர்ந்தது என்று நம்பும் தங்கபாண்டிகள் இருக்கும்வரை அந்தக் கடைகளுக்குக் குறைவில்லை.

வண்டி இழுத்துக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடித்து ஓட்டப் பழகினார். மாதக்கணக்கில் அப்படி ஓட்டியதைத் தன் திறமை என்றும் சொல்லிக்கொண்டார்.

அந்தத் திறமை கல்லாற்றுக்கு மேலே, பொன்முடி மலைப்பாதையின் வளைவொன்றில் கைவிட்டது. வண்டி ஓரக்கல்லில் உரச, பின்சீட்டிலிருந்த விருந்தாளிகள் அலறினார்கள். அவர்களை அனுப்பியது கோவளத்து ஓட்டல் ஒன்று. தங்கபாண்டியின் வீட்டில் அடுப்பெரிவது அந்த ஓட்டல் கொடுக்கும் பொன்முடி ஓட்டங்களால்தான். அங்கே மேனேஜர் ஜிஜி கூப்பிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமைக்கு முன்ன வண்டி நேரே போகணும். நான்தன்னே ஏறிப் பார்ப்பேன். இல்லேன்னா ஓட்டம் வேற ஆளுக்கு, கேட்டோ."

மனைவி சுஜா அவரைக் கரமனையில் வேலாயுதன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாறசாலைக்காரரான வேலாயுதன் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"வண்டியில நீரு எதையாவது தொட்டீரா வே?"

"நானா? பானெட்டத் தொறந்தே வருசமாச்சு ஆசானே."

உண்மைதான். பானெட்டைத் திறக்கவில்லை.

வேலாயுதன் காற்றைச் சரிபார்த்தார். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார். டயர் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. திரும்பி வந்ததும் முன்சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோனார். வலது வெதுவெதுப்பாக இருந்தது. இடதின் பக்கம் கை நெருங்கவே முடியவில்லை.

பின்சீட்டிலிருந்து இறங்கிய சுஜா மூக்கை உறிஞ்சினாள். "என்னாங்க, யாரோ பலகாரம் சுடுற மணம் வருது."

"தட்டுக்கடையா இருக்கும்."

"ராத்திரி போடுற தட்டுக்கடை உச்சி வெயில்ல ஏது? நம்ம சக்கரத்துலேருந்துல்லா வருது!"

சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக்கைத் தாங்கும் பகுதி இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். நகர்ந்தால்தான் காலை எடுத்ததும் பிரேக் விடும். இங்கே ஊசிகளைச் சுற்றி, தீய்ந்த வாணலியின் அடியைப் போலக் கறுப்புப் பிசின். ரப்பர் உறைகள் ஊதிப்போயிருந்தன. இடது பிரேக் விடாமல் எப்போதும் கடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. வேலாயுதன் பிசினைத் தொட்டு முகர்ந்தார்.

"தேங்காயெண்ணெ."

சுஜா கணவரைப் பார்த்தாள். "அடுக்களையில குப்பி காணாமப் போச்சே, இதுக்குத்தானா?"

"இந்தச் சக்கரத்துல கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துது. ரெண்டு சொட்டு விட்டேன். எண்ணெ எண்ணெதானே?"

"அப்பம் நாளைக்குத் தோசைக்குக் கிரீஸ் தேச்சுத் தின்னும் வே," என்றார் வேலாயுதன்.

ஊசிகளும் உறைகளும் புதிதாயின, அவற்றுக்குரிய கிரீஸ் போட்டார், பிரேக் கட்டைகளை இரு பக்கமும் மாற்றினார். அனுப்பும்போது, "இனி கைய லேசா வச்சு ஓட்டும்," என்றார். ஓட்டத் தெரியாதவனுக்குச் சொல்வது போல் சொல்கிறாரே என்று தங்கபாண்டிக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜிஜி முன்சீட்டில் ஏறினாள். பைபாசில், ஆளில்லாத, சரிவில்லாத நேரான பாதையில் வண்டி மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.

"இதென்னா, இப்போ வலத்தோட்டு போகுது?"

"அந்த ஆசான் கெடுத்துட்டான் மேடம்! நான் அப்பவே நெனச்சேன்."

"கைய எடுங்க."

எடுத்தார். வண்டி நூல் பிடித்தது போல நேராகப் போனது.

"இனி பிடிங்க."

பிடித்தார். வண்டி வலப்பக்கம் நகர்ந்தது. ஜிஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல சேட்டா. டிரைவருக்குத்தான் அலைன்மென்ட் வேணும். நாளைக்கு வண்டி வரட்டும். ஓட்டுறது ஜெயன்."

"மேடம், என் ஸ்டீயரிங்க இன்னொருத்தன்..."

"அப்படின்னா வண்டியும் வேண்டா."

சனிக்கிழமை ஜெயன் ஓட்டினான். வண்டியைத் தனியே விட மனமில்லாமல் தங்கபாண்டி இடதுசீட்டில் ஏறிக்கொண்டார். கல்லாறு தாண்டி மேலே ஏற ஏற, ஓரக்கல் எதுவும் உரசவில்லை, பின்சீட்டில் யாரும் அலறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தங்கபாண்டியின் இரண்டு கைகளும் மடியில் வெறுங்காற்றைப் பிடித்து வலப்பக்கம் திருகின.

"அண்ணே," என்றான் ஜெயன், பாதையை விட்டுக் கண்ணெடுக்காமல். "ஸ்டீயரிங்கு இங்ஙனயாக்கும் இருக்கு."

தங்கபாண்டி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.