தண்ணீர் கேன் மறையும் தூரம்

திருப்பதிக்குக் கார் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் காலியான தண்ணீர் கேன் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். வீடுகளுக்குப் போடுகிற இருபது லிட்டர் கேன். எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தால் அவள் தலை அந்தக் கேனின் கழுத்துக்கு வரும். வீட்டிலேயே பக்கத்தில் வைத்து அளந்து பார்த்திருந்தேன்.

முதல் ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர் கேனைப் பார்த்ததும் ஓடி வந்தார். தெலுங்கில் ஆரம்பித்து, நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"வாட்டர் உள்ள இருக்குது சார். கூலிங்கே இருக்குது. கேன் எதுக்கு?"

"தண்ணிக்கு இல்லைங்க. இது எங்க பாப்பா."

அவர் என் மனைவியின் தோளில் கிடந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு கேனைப் பார்த்தார். என் மனைவி எங்களோடு வராதவள் மாதிரி தள்ளிப் போய் ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேனைக் காரின் முன்னால் தரையில் வைக்கச் சொன்னேன். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பானெட் மேடை மாதிரி உயர்ந்து நின்றது. கேன் தெரியவில்லை. இன்னும் தள்ளி வைக்கச் சொன்னேன். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து கண்ணாடிக் கதவில் முதுகு இடித்து நின்றார்.

"சார், இதுக்கு மேல போனா ரேணிகுண்டா ரோட்டுல நிப்பேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கி, காரிலிருந்து கேன் வரைக்கும் தப்படி எண்ணினேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேன் கழுவினேன், வேன் ஓட்டினேன், பிறகு ஒவ்வொன்றாகச் சொந்தமாக வேன் வாங்கி ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். என் மனைவி டிப்ளமோ படித்தவள். என் வேனில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வந்தவள்தான். ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிகிற வாரத்துத் திங்கட்கிழமை அவளுடைய லீவு முடிகிறது. அன்றைக்கு அவள் லைனில் நிற்க வேண்டும். நாங்கள் இருப்பது நாராயணவனம். அவள் அம்மா வீடு வரதய்யபாளையம். காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தானே கார் ஓட்டிப் போய், அம்மாவிடம் விட்டுவிட்டு, அங்கிருந்து ஃபேக்டரிக்குப் போவாள். சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். திட்டம் அவளுடையது. லைசென்ஸும் அவள் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. காரைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் என்னுடையது, ஏனென்றால் வண்டியைப் பற்றி வீட்டில் எனக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பெரிய கார் வேண்டும் என்று சொன்னதும் நான்தான். பெருமைக்கு இல்லை என்று சொன்னால் பாதிப் பொய். பிச்சாட்டூர் தாண்டினால் எதிரே டிப்பர் வரும், சத்யவேட்டுப் பக்கம் கன்டெய்னர் வரும். அந்த வழியில் தினமும் ஓட்டுகிறவன் நான். ரோட்டோரம் நசுங்கிக் கிடக்கும் சின்னக் கார்களைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளையைச் சுற்றி எவ்வளவு இரும்பு இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். அதற்காகத்தான், வீடுகட்டும் கான்ட்ராக்ட் எடுக்கிற ஒரு நண்பர், "எங்க வண்டிய ரெண்டு நாள் ஓட்டிப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று தன் பெரிய காரைக் கொடுத்தபோது வாங்கி வந்தேன். ஷோரூம் ஏறுவதற்கு முன்பு நடந்தது இது.

இரண்டாம் நாள் காலை. வாசலில் நின்ற காரைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிழலில் விடலாம் என்று ஏறினேன். ஸ்டார்ட் செய்ததே காதில் விழவில்லை, அவ்வளவு அமைதி. ஒரு முழம் நகர்ந்திருக்கும். முன்சக்கரத்தின் அடியில் ஏதோ படாரென்று வெடித்தது.

இறங்கிப் பார்த்தேன். தண்ணீர்க்காரருக்காக எடுத்து வைத்திருந்த காலி கேன். பப்படம் மாதிரி ஆகியிருந்தது.

அது கிடந்த இடத்தில்தான் தினமும் என் மனைவி பாயைப் போட்டுப் பாப்பாவுக்கு இளவெயில் காட்டுவாள்.

அந்தக் காரில் முன்னாலும் கேமரா இருந்தது. ஒரு பித்தானை அமுக்கியிருந்தால் திரையில் எல்லாம் தெரிந்திருக்கும். நான் அமுக்கவில்லை. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்குக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துத்தான் பழக்கம். நசுங்கிய கேனை எடுத்துப் போய்ப் பழைய வேன் டயர்களுக்குப் பின்னால் சொருகினேன். காரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மனைவி, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் கீது. பானெட்டு கொஞ்சம் உயரம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சின்னக் கார் என்றால் ரோட்டில் வரும் டிப்பர் கண்ணில் நின்றது. பெரிய கார் என்றால் வாசலில் கிடக்கும் பாய் கண்ணில் நின்றது. வேன் ஓட்டும்போது சிக்னலில் பக்கத்தில் எந்தக் கார் நின்றாலும் அதன் மூக்கைத்தான் பார்த்தேன். இவன் முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் தெரியுமா? இவனுக்கு? ஒருநாள் நாயுடுபேட்டையில் டீக்கடை முன்னால் நின்ற ஒரு காரை எட்டி எட்டிப் பார்த்ததில் அதன் சொந்தக்காரர் இறங்கி வந்து, "ஏமி காவாலி?" என்று, என்ன வேணும் என்று தெலுங்கில் அதட்டிவிட்டார்.

இரண்டாவது ஷோரூமில் இருந்த சாம்பல் நிறக் காருக்குப் பானெட் முன்பக்கம் சரிந்திருந்தது. கேன் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் கூரை முழுக்கக் கண்ணாடி. மேலே கல் விழுந்தால் என்றேன். மனைவி, "கல்லு எங்கேர்ந்து விழும்?" என்றாள். ஆனாலும் வேண்டாம் என்றேன். மூன்றாவதில் சீட்டெல்லாம் பால் வெள்ளை. பாப்பா வாந்தி எடுத்தால் போச்சு என்றேன். அவள் போனில் வரவழைத்திருந்த குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டிப் பார்த்தோம். பாப்பாவின் முகம் பின்கண்ணாடியைப் பார்த்து இருக்கும்படி மாட்ட வேண்டுமாம். அவள் மூச்சுத் திணறினால் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். விற்பனை செய்யும் பெண் அதற்கென்று ஒரு கண்ணாடி விற்கிறது என்றாள். அந்தக் கண்ணாடி கழன்று விழுந்தால் என்றேன்.

திரும்பி வரும் வழியில், வேன் புத்தூரை நெருங்கும்போது என் மனைவி பாப்பாவை மடியில் மாற்றிப் படுக்க வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நீ காரு பாக்கல. நாளைத் தள்ளிக்கினு கீற. திங்கக்கிழமை வந்துடும், காரு இல்ல, வூட்லயே இருன்னு சொல்லுவ. அதானே?"

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன எப்படியாம்? எங்க லைன்ல ஒரு பொண்ணு எனக்குப் பதிலா நிக்குது. நல்லாவே பாத்துக்குது. நான் போகலன்னா அதுவே நிரந்தரமா நின்னுடும். எட்டு வருஷமா நின்ன எடம் அது."

நான் கியரை மாற்றினேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் இவளும் அந்தப் பாயை நினைத்துக்கொண்டே இருப்பாள், ஒருவர் நினைப்பது போதாதா என்று விழுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நான்காவது இடத்துக்குப் போனோம். கறுப்புக் கார். யானைக்குட்டி மாதிரி நின்றது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். எதிரே எந்த டிப்பர் வந்தாலும் யோசிக்கும் என்று தோன்றியது. நான் ஏறி உட்கார்ந்து கேனை வைக்கச் சொன்னேன். ஐந்து தப்படியில் கேனின் மூடி தெரிந்தது. பெரிய காருக்கு இது பரவாயில்லை என்று மனசு கொஞ்சம் இறங்கியது. "இதையே எடுத்துக்கலாம்" என்று முதல் தடவையாகச் சொன்னேன்.

என் மனைவி பாப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"இறங்கு."

இறங்கினேன். அவள் ஏறினாள். ஏறும்போது கதவின் மேல்பிடியை எக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. என் தோள் உயரம்தான் இருப்பாள். உட்கார்ந்து கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"கேன் எங்க?"

"அங்கதான் கீது. அஞ்சு தப்படி."

"எனக்குத் தெரில."

விற்பனையாளர் கேனை எடுத்து இன்னும் ஒரு தப்படி தள்ளி வைத்தார். தெரியவில்லை என்றாள். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. ஒன்பதாவது தப்படியில்தான் "ம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"ஓட்டப் போறது யாருயா?"

நான் பாப்பாவைத் தோள் மாற்றினேன்.

"நாலு கடை ஏறி எறங்கிட்டோம். ஒரு தபாவாவது என்னை இந்த சீட்ல குந்திப் பாருன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வண்டி தெரிந்தவன், அளவு எடுக்கிறவன், கேனும் கையுமாக அலைந்தவன், ஓட்டப் போகிறவளை உட்கார வைக்காமலே அளந்துகொண்டிருந்தேன். என் மனசுக்குள் அந்த சீட்டில் எப்போதும் நான்தான் இருந்தேன். அப்படியென்றால் என் மனசில் அவள் வேலைக்குப் போகவே இல்லை என்றுதானே அர்த்தம். புத்தூர் வழியில் அவள் சொன்னது பொய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தோம். அங்கேயே, ஷோரூம் வண்டிகள் நிற்கும் இடத்தில், வெயிலில் நின்றபடி சொன்னேன். நண்பரின் கார், நிழல், ஒரு முழம், வெடிச்சத்தம்.

"எந்த எடத்துல?" என்றாள்.

"பாய் போடற எடத்துல."

"அப்போ பாப்பா எங்க?"

"உள்ள. உன்கிட்ட பால் குடிச்சிக்கினு இருந்தா."

அவள் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இத உள்ளயே வெச்சிக்கினு, நீயே துன்னுக்கினு இருந்தியா இத்தினி நாளு?" என்றாள். "எங்கிட்ட சொன்னா இன்னா, நான் ஒடைஞ்சா பூடுவேன்?"

நேராக இரண்டாவது ஷோரூமுக்கே போகச் சொன்னாள். சாம்பல் நிறக் கார் அங்கேயே நின்றது. அவள் ஏறி, சீட்டின் பக்கத்தில் இருந்த பித்தானை அமுக்கிச் சீட்டை உயர்த்தினாள். உயர்த்திக்கொண்டே போனாள், கண்ணாடிக் கூரைக்கு ஒரு சாண் இருக்கும்வரை. கேனை நான் வைத்தேன். மூன்றாவது தப்படியில் கையைத் தூக்கினாள்.

"நீல மூடி."

"மேல கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன்.

"கல்லு விழட்டும்."

வண்டி வருவதற்கு முன்பே வாசலை மாற்றிவிட்டாள். அவர்கள் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற பாதையில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்களாம். கோட்டுக்கு இந்தாண்ட ஆள், அந்தாண்ட வண்டி, யாராக இருந்தாலும் தாண்டக் கூடாது. ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கி வரச் சொல்லி, சிமென்ட் தரையில் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள். பாய் வீட்டின் கிழக்குப் பக்கத்துக்குப் போய்விட்டது. அங்கே வண்டி வர வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "இன்னாமா, ரோடு போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் வேலை கொடுத்தாள். வண்டியைக் கிளப்பும் முன் ஓட்டுகிறவர் யாரானாலும் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும், பாப்பா யார் கையில் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், பதில் வராமல் சாவியைத் தொடக் கூடாது.

திங்கட்கிழமை காலை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பாப்பா யார் கையில?"

"சீட்ல. ரெண்டு பெல்ட்டும் போட்டாச்சு."

நான்கு பழமும் நசுங்கின. கார் போனது. நான் ஓடிப் போய் வேனை எடுத்தேன். என் டிரிப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆனாலும் ஸ்டாப்பில் நின்ற பெண்களை அவசரமாக ஏற்றிக்கொண்டு பிச்சாட்டூருக்கு முன்பே காரைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அதன் பின்னாலேயே போனேன். அவள் மெதுவாகப் போனால் நானும் மெதுவாக. எதிரே லாரி வந்தால் எனக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

முன் சீட்டில் இருந்த அக்கா கேட்டார். "இன்னா தம்பி, இன்னிக்கு யாரையும் ஓவர்டேக் பண்ண மாட்டன்ற?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "முன்னால போறது அவுங்க வூட்டு வண்டிக்கா. பாடிகார்டு டூட்டி."

"அப்ப நமக்கு லேட்டுன்னு சூப்பர்வைசரம்மாகிட்டயே எழுதி வாங்கிக்கலாம்."

வேனே சிரித்தது. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

நாகலாபுரம் தாண்டியதும் காரில் இடது இண்டிகேட்டர் எரிந்தது. ஓரமாக நின்றது. பஞ்சரா, பாப்பாவுக்கு ஏதாவதா? நானும் பின்னால் நிறுத்தப் போனேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. அவள் கை வெளியே வந்தது. போ, போ என்று இரண்டு தடவை முன்பக்கம் வீசியது.

எனக்குப் போகத் தோன்றவில்லை. முன் சீட்டு அக்காதான், "போப்பா, அது போகச் சொல்லுது இல்ல" என்றார்.

காரைத் தாண்டினேன். தாண்டும்போது பக்கத்தில் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் நிறுத்திவிடுவேன். பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன். அவள் மறுபடி ரோட்டில் ஏறியிருந்தாள். ஸ்டியரிங்குக்கு மேல் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு டிப்பர் நடுவில் புகுந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை.

ஃபேக்டரி வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"அம்மாகிட்ட விட்டுட்டேன். வழியெல்லாம் தூங்கினா. நான் கார் நிறுத்தற கேட்டுல உள்ள போறேன், போனை இங்க குடுத்துடணும்."

"சரி."

"வண்டிய எடுக்கறதுக்கு முன்ன சுத்திப் பாத்தியா?"

இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினேன்.