துபாய்க்கு இரண்டரை மணி நேரம்

சித்திரை வெயிலில் ஷட்டரைத் தொட்டால் கை பொரிந்துவிடும். மதியக் காற்று கரிசல் தூசியை அள்ளிவந்து கீபோர்டு மேலெல்லாம் கொட்டும்...

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நாகலாபுரத்துச் செண்பகம் அக்கா தன் வீட்டுக்காரருக்கு டிக்கெட் எடுக்க வந்தார். எலெக்ட்ரீஷியன். முதல் பயணம். மதுரையிலிருந்து துபாய்.

"எம்மா, எவ்வளவு நேரம் பறக்கும்?"

பன்னிரண்டுக்குக் கிளம்பி இரண்டரைக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. கழித்துப் பார்த்துச் சொன்னேன்.

"ரெண்டரை மணி நேரந்தான்க்கா."

"எங்கூர்ல இருந்து பஸ்ல மதுரைக்குப் போற நேரந்தானா!"

அவருக்கு அவ்வளவு நிம்மதி.

பயண நாளன்று கணவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இறங்கினதும் போன் பண்ணுதேன்னு சொல்லியிருக்காவ. பஸ்ல போனா சிக்னல் கிடைக்காது. பேசிட்டுப் போறேன்."

இரண்டரை ஆனது. மூன்று ஆனது. போன் வரவில்லை. வீட்டுக்காரர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

"எம்மா, பிளேனு இப்ப எங்க இருக்கு?"

எனக்கென்ன தெரியும்? ஓனர் ஊரில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. ஏர்போர்ட் நம்பரிலும் வெறும் ரிங்தான். பக்கத்து டீக்கடைக்காரர் டிவியில் நியூஸ் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

மூன்றரைக்கு அக்கா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடலு மேலதானம்மா போவுது?"

டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கித் தரையிலேயே வைத்துவிட்டார்...

நாலேகாலுக்கு ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"செண்பகம், நல்லபடியா இறங்கிட்டேன். சொன்ன டயத்துக்கு எறக்கிட்டான். இப்ப மணி ரெண்டேமுக்கா."

"இங்கன நாலேகால் ஆவுது!"

வீட்டுக்காரர் அங்கே யாரிடமோ கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடியாம்ல."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பறந்தது நாலு மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்:

"அப்ப நான் எந்திச்சு சோறாக்குற நேரம் அவிய தூங்கிட்டுல்லா இருப்பாவ?"

அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

இன்றும் அதே ஆபீஸ்தான். போன வாரம் கழுகுமலைப் பெண் ஒருத்தி பாஸ்போர்ட் நகல் கொடுக்க வந்தாள். புருஷன் போகும் விமானம் அவள் போனில் ஒரு மேப்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒன்னேகால் மணி நேரம் இருக்குக்கா."

"உக்காரும்மா, அவர் இறங்கினதும் போலாம்."

"அதுக்கு எதுக்குக்கா உக்காரணும்?"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போய்விட்டாள். நல்லதுதான்...

ஆனாலும் அந்த ஒன்னேகால் மணி நேரமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.