தப்பாக விழத் தெரியாதவர்

யிம் காம்-ஷிங் முப்பத்தோரு வருஷமாக விழுந்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடுகிற டிராமிலிருந்து. ஹாங்காங் சினிமாவில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. முதுகைப் பார்க்காத ரசிகன் கிடையாது. அடிபடாமல் இல்லை. ஆனால் அதெல்லாம் கயிறு பிடித்தவனின் தப்பு, காரோட்டியவனின் தப்பு. தான் தப்பாக விழுந்ததே இல்லை என்பதுதான் அவரிடமிருந்த ஒரே பெருமை. ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, குவுன் டோங்கில் மூடிக்கிடந்த பிளாஸ்டிக் ஃபேக்டரி ஒன்றில், அதையும் கேட்டு வந்தார்கள்.

படம் திருட்டுத்தனமாக நடக்கும் சண்டைப் பந்தயங்களைப் பற்றியது. பந்தயக்காரர்கள் கதாநாயகனிடம் வந்து, மூன்றாவது சுற்றில் விழுந்துவிடு என்கிறார்கள். விழமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் கதை. அதுவும் முழுசாக எழுதப்படவில்லை. டைரக்டர் காலையில் பால் டீ குடித்தபடி கிறுக்கிக் கொண்டுவரும் தாள்தான் அன்றைய வசனம். கதாநாயகன் டெரன்ஸ் ஷம் அந்தத் தாளைக் கையால் தொடுவதில்லை. பின்னால் வேறு யாரோதானே குரல் கொடுக்கப் போகிறார்கள்? முந்தின தினம், "என் மானத்துக்கு விலை கிடையாது" என்று தொடங்கும் அந்தப் பெரிய வசனத்தை, கண்ணில் நீர் தளும்ப, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முப்பத்தேழு வரை எண்ணிப் பேசி முடித்தார். யூனிட் முழுக்கக் கைதட்டியது. யிம்முக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதே நாள் யிம், டெரன்ஸுக்கு டூப்பாக விக்கை மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து குதித்து, துணிப் பந்தலைக் கிழித்துத் தரையில் உருண்டு எழுந்திருந்தார். ஒரே டேக். இப்போது மறுபடியும் விக்கை நீட்டினார்கள்.

"நேத்து ஓகேன்னீங்களே மாஸ்டர்?"

ஸ்டண்ட் மாஸ்டர் பாக் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். "பிரமாதம்ணே. இப்ப அதையே கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."

"கெடுத்தா?"

"படம் முடிஞ்சு பேரு ஓடுறப்ப அடிபட்டதெல்லாம் காட்டுவோமில்ல? ஜனங்க அதுக்குத்தான் உக்காந்திருக்காங்க. டெரன்ஸ் சாருக்கு ஒரு கீறல்கூட இல்லையே."

"எப்படி இருக்கும்? ஃபைட் நடக்கிறப்பல்லாம் மனுஷன் கார்ல ஏசி போட்டுத் தூங்கினாரு."

"மெதுவா பேசுங்க. டூப் இல்லாம நானே பண்ணேன்னு பேப்பர்ல சொல்லிட்டாரு. நீங்க கோணலா விழுந்து கிடங்க. அப்புறம் அதே இடத்துல அவரைப் படுக்க வெச்சு, ரத்தம் தடவி, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிருவோம்."

யிம் மாட்டேன் என்று உடனே சொல்லவில்லை. வேலை வேலைதானே. ஏறினார், குதித்தார். உருண்டு எழுந்து நின்றார். மறுபடி ஏறினார். மறுபடி எழுந்து நின்றார். மூன்றாம் முறை பாக் தொப்பியைத் தரையில் வீசினார்.

"என்னண்ணே, பூனை மாதிரி நிக்கிறீங்க! தப்பா விழுறதுகூடவா வராது?"

அந்தக் கேள்விதான் யிம்மைக் கிளறிவிட்டது. விக்கைக் கழற்றினார். "வராது. வந்தாலும் விழமாட்டேன். இவனுக்கு விழத் தெரியலன்னு தியேட்டரே பாக்கணுமா?"

"உங்க முதுகுன்னு யாருக்குத் தெரியும்?"

"கவ்லூன்ல இருக்கிற அத்தனை ஸ்டண்ட்காரனுக்கும் தெரியும். வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. விழுந்தது யிம்முன்னு எழுத்துல போடுங்க. இப்பவே மண்டை உடைய விழறேன்."

"அப்ப அடுத்த படத்துக்கு வர வேணாம். ஹாவ், நீ வா!"

ஹாவ் வந்தான். பதினைந்து வருஷமாக யிம்மோடு சேர்ந்து உதை வாங்குகிறவன். வலது முட்டியில் கம்பி வைத்திருந்தான். விக் அவன் தலைக்குப் பெரிது. சரிந்து கண்ணை மறைத்தது.

"டேய், நேரா விழுந்தாலே உன் முட்டி கழண்டுடும். கோணலா வேற விழப்போறியா?"

"நல்லதுதானே மச்சான், நடிக்கவே வேணாம்."

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

"நீ பெரிய மனுஷன், உன்னைத் தேடி வேற ஆளு வருவான். எனக்கு அந்த வசதி இல்லப்பா." ஹாவ் நொண்டியபடி படியேறினான்.

யிம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். போயிருப்பார். போகிற போக்கில் பந்தலுக்கு அடியில் கண் போய்விட்டது. விழுகிற இடத்தில், ஹாவைத் தாங்க இப்போதுதான் அட்டைப்பெட்டிகளை ஒரே அடுக்காக வைத்து, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். விழுவது தத்ரூபமாக இருக்க வேண்டுமாம்.

"எந்த மடையன்டா அடுக்கினது?"

பையை வீசினார். பழக்கடை அட்டைப்பெட்டிகள் மூலையில் குவிந்திருந்தன. இரண்டு இரண்டாக இழுத்து வந்து இரண்டாவது அடுக்கு, மூன்றாவது அடுக்கு என்று ஏற்றினார். வேர்த்துக் கொட்டியது. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தது. டெரன்ஸை, பாக்கை, ஹாவை, இந்தப் பிழைப்புக்கு வந்த தன்னை.

"அண்ணே! பெட்டி தெரிஞ்சா ஷாட்டே போச்சு!" என்று பாக் கத்தினார்.

"கேமராவைத் தூக்கி வெச்சுக்கோய்யா! வேலையை விட்டுத்தான் தூக்கிட்டியே, இன்னும் என்ன பண்ணப் போற?"

மேலேயிருந்து ஹாவின் குரல் வந்தது. "மச்சான், குதிக்கட்டுமா?"

"இருடா சனியனே!" யிம் முழங்காலால் கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளினார். "இடது தோள், தெரியுதா? தப்பா விழறதை ஒழுங்கா இடது தோள்ல விழுந்து தொலை!"